உவர்நீரிலே பூநாரைகள்

மார்கழி, தை மாதங்களிலே மன்னார்த் தாம்போதி வழியே செல்வோர், ஆழமற்ற உவர்நீரில் வெண்திட்டுப் போல ஒரு கூட்டம் நிற்கக் காணக்கூடும். அவை பூநாரைகள். அங்குள்ள வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

கண்ணுக்கு எளிய இக்காட்சி கமெராவுக்கு எளிதன்று. முதற்பகை கானல். வெயில் ஏறியதும் தூரத்துப் பறவையின் உருவம் நெளியத் தொடங்கும். விலையுயர்ந்த தொலைநோக்கு வில்லை வைத்திருப்பவரும் இதற்குத் தப்பமுடியாது. அவ்வில்லை பறவையோடு இடையிலுள்ள காற்றின் நெளிவையும் அன்றோ பெரிதாக்குகிறது! ஆகவே புலருமுன்னரே இடத்திற் போய் அமர்தல் வேண்டும்.

அடுத்தது ஒளி. கமெராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வது. பளபளக்கும் நீர் படத்தை நிறைத்தால் அது மருண்டு இருட்டாக்கிவிடும். அப்போது ஒரு படி ஒளியைக் கூட்டுக. இருண்ட நீரின் முன் வெயில்பட்ட வெள்ளைப் பறவை தனித்து நின்றாலோ, சற்றுக் குறைக்காவிடின் இறகின் வரிகள் வெளுத்து மறையும். உப்புக் காற்றிலே வில்லை மாற்றாதிருப்பதும், வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கருவியின் வெளிப்புறத்தைத் துடைப்பதும் போதிய காவல்.

நிற்கும் பூநாரை பெரும்பாலும் வெண்மையே. சிறகின் செம்மையும் கருமையும் பறக்கும்போதே முழுதாய்த் தெரியும். இதனாலேயே சிலர் கைதட்டியும், இந்நாளில் ஆளில்லா வானூர்தியை ஏவியும் கூட்டத்தைக் கலைக்கின்றனர். வளைந்த அலகைத் தலைகீழாக நீரிலிட்டு நுண்ணிய உயிர்களை வடித்துண்ணும் பறவை இது. எழுவதற்கு நீரின்மேல் ஓடியாக வேண்டும். ஒவ்வொரு கலைப்பிலும் அதன் இரையும் வலிமையும் வீணாகின்றன.

யானும் ஒருமுறை சேற்றிலே நடந்து நெருங்கினேன். கழுத்துக்களெல்லாம் ஒருங்கே நிமிர்ந்தன. அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் பத்தடி வைத்தேன். கூட்டம் முழுவதும் எழுந்து போயிற்று. எனக்குக் கிடைத்தவை வாற்புறப் படங்களே.

மேய்ச்சலை விட்டுக் கழுத்து நிமிர்ந்தால், அதற்குமேல் ஓரடியும் வையாதீர்கள். வாகனத்தினுள் இருந்தபடியே படமெடுப்பது இன்னும் நன்று. பறவைகள் மனித உருவுக்கு அஞ்சும் அளவுக்கு நின்ற வாகனத்துக்கு அஞ்சுவதில்லை. காற்றையும் கவனியுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும். வாடை வீசும் அம்மாதங்களில் அவை வடகிழக்கு நோக்கிக் கிளம்பும். காலை ஞாயிற்றை முதுகில் வைத்துக் கூட்டத்துக்குக் கிழக்கே இருப்பவருக்கு அவற்றின் முன்புறம் தெரியும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் மூடியை அமைத்துவிட்டுக் காத்திருங்கள். பருந்தொன்று மேலே வட்டமிட்டாலும், மேய்ச்சல் தீர்ந்து வேறிடம் நாடினாலும் அவை தாமாகவே எழும். ஒரு காலையில் எழாமற்போனால் மறுகாலையும் செல்லலாம்.