அரசு மிச்சம் பிடித்ததும் மாணவர் செலவழித்ததும்

2010 மே மாதம் பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் சேர்ந்து கூட்டணி அரசு அமைத்தபோது, உலக நிதி நெருக்கடியின் விளைவாக அந்நாட்டின் நிதிப் பற்றாக்குறை, அதாவது அரசின் ஓராண்டுச் செலவு அதன் வரவை மிஞ்சிய தொகை, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எட்டியிருந்தது. அதைப் பெரும்பாலும் செலவுக் குறைப்பின் மூலமே அடைப்பது என்று முடிவு செய்த நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று, நான்கு ஆண்டுகளில் 8,100 கோடி பவுண்டைக் குறைக்கும் திட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மதிப்புக் கூட்டு வரியும் 2011 ஜனவரியில் 17.5 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. கடன் பெருகாமலிருக்க அரசு தன் செலவை வெட்டுவதும் வரியை ஏற்றுவதும் பொருளியலில் சிக்கன நடவடிக்கை எனப்படுகின்றன. அதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வளர்ச்சி விகிதத்தோடு நின்றுவிடுகிறது. அரசு கைவிட்ட செலவில் ஒரு பகுதி குடும்பங்களின் தலையில் விழுந்தது என்பதும், படிப்பைப் பொறுத்தவரை அது வந்து விழுந்த இடத்தில் இணையம் ஏற்கெனவே கடை விரித்திருந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சிக்கனத்தை ஆதரித்தவர்களுக்கு ஒரு வாதம் இருந்தது. அரசு தன் கடனைக் கட்டுக்குள் வைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தால் வட்டி தாழ்ந்தே இருக்கும், நாளைய வரிச்சுமை குறித்த அச்சம் நீங்கித் தொழில் நடத்துவோர் முதலீடு செய்வர், எனவே வெட்டும் வளர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அதன் சாரம். பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்பதற்குச் சான்றாகப் பல நாடுகளில் எடுத்துக்காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோரும் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தனர். எக்செல் அட்டவணையில் சில நாடுகளின் வரிசைகள் சராசரியில் சேராமல் விடுபட்டிருந்தன. தரவுகளைச் சேர்த்த முறையிலும் சராசரி எடுத்த முறையிலும் கேள்விகள் இருந்தன. இவற்றைத் திருத்தியபின், அந்நாடுகளின் வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 0.1 விழுக்காடு என்பது மாறி, பூஜ்யத்துக்கு மேலே 2.2 விழுக்காடு ஆயிற்று. பிரிட்டனின் நிதிக் கொள்கையே ஓர் அட்டவணைப் பிழையால் உருவானது என்று சொல்வது மிகை. அந்தக் கட்டுரை எழுதப்படாமலே போயிருந்தாலும் ஆஸ்போர்ன் வெட்டியிருப்பார்.

வெட்டின் விளைவை அளக்கப் பொருளியலாளர் கையாளும் கருவி பெருக்கி. அரசின் செலவு ஒரு பவுண்டு கூடினாலோ குறைந்தாலோ நாட்டின் மொத்த உற்பத்தி எத்தனை பவுண்டு மாறுகிறது என்ற விகிதத்துக்கு அந்தப் பெயர். ஒரு நூலகர் வேலையிழந்தால் அவருடைய சம்பளத்தோடு இழப்பு முடிவதில்லை. அவர் சாமான் வாங்கிய கடையின் விற்பனை குறைகிறது, அந்தக் கடைக்காரர் பிறரிடம் செய்யும் செலவு குறைகிறது, அரசுக்கு இவர்கள் கட்டும் வரியும் குறைவதால் மிச்சம் என்று எண்ணிய தொகையே சுருங்குகிறது. பன்னாட்டு நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் 2012 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு, கணிப்புகளில் இந்தப் பெருக்கி சுமார் 0.5 என்று வைக்கப்பட்டிருந்ததாகவும் நெருக்கடிக் காலத்தில் அது உண்மையில் 0.9-க்கும் 1.7-க்கும் இடையில் இருந்திருக்கும் என்றும் கூறியது. இயல்பான காலத்தில் அரசு செலவைக் குறைத்தால் மத்திய வங்கி வட்டியைக் குறைத்து அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி விகிதம் 2009 மார்ச்சிலேயே 0.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது, பிரிட்டனின் சரக்கை வாங்கும் ஐரோப்பிய நாடுகளும் அதே நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. 2011 இறுதியில் 16 முதல் 24 வயது வரையிலான வேலையற்றோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. மதிப்பெண் பட்டியல் ஒன்றே காப்பு என்று ஒரு தலைமுறை எண்ணத் தொடங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

கல்வியில் நடந்த மாற்றங்களில் பேரொலி எழுப்பியது பல்கலைக்கழகக் கட்டணம். இங்கிலாந்தில் ஆண்டுக்கு 3,290 பவுண்டாக இருந்த உச்சவரம்பை 9,000 பவுண்டாக்கும் தீர்மானம், மாணவர்கள் லண்டன் தெருக்களை நிறைத்திருந்த வேளையில், 2010 டிசம்பர் 9 அன்று நிறைவேறி 2012-இல் நடைமுறைக்கு வந்தது. கட்டண உயர்வை எதிர்ப்பதாகத் தேர்தலுக்கு முன் கையெழுத்திட்டு உறுதி தந்த லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்களில் பலர் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். கற்பித்தலுக்கான அரசு மானியத்தில் பெரும்பகுதி நின்றுபோய், மாணவர் வாங்கும் கடன் அந்த இடத்துக்கு வந்தது. இதில் கணக்கியல் நுட்பம் ஒன்றும் உண்டு. மானியமாகக் கொடுத்தால் அது செலவு, பற்றாக்குறையில் சேரும். கடனாகக் கொடுத்தால் திரும்பி வரவேண்டிய சொத்து என்பதால் அன்றைய கணக்கு முறைப்படி சேராது. அக்கடனில் கணிசமான பகுதி ஒருபோதும் திரும்பாது என்பது அரசுக்கே தெரியும், ஏனெனில் குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் ஈட்டுவோரே அதைக் கட்ட வேண்டும், அன்றைய விதிப்படி முப்பது ஆண்டுகளில் மீதி தள்ளுபடியாகிவிடும். திரும்பாத பங்கைச் செலவாகவே எழுத வேண்டும் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் தீர்மானித்தது 2018 டிசம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் காட்டப்பட்ட சிக்கனத்தில் ஒரு பகுதி ஏட்டுச் சிக்கனம் என்பதே சரி. சமூகவியலாளர் காலின் கிரவுச், பொருளாதாரத்தில் வாங்குவோர் குறையும்போது அரசு கடன்பட்டுச் செலவழிக்க வேண்டும் என்ற பொருளியலாளர் கீன்ஸின் கொள்கை, அரசுக்குப் பதிலாகக் குடும்பங்கள் கடன்பட்டுச் செலவழிக்கும் ஏற்பாடாக மாறிவிட்டதைத் தனியார்மயமான கீன்சியம் என்று அழைத்தார்; மாணவர் கடன் அதற்குக் கச்சிதமான உதாரணம். 2016-இல் ஏழை மாணவர்களின் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் புதிதாகச் சேர்வோருக்குக் கடனாக மாற்றப்பட்டது.

அவ்வளவு ஒலி எழுப்பாதது, 16 முதல் 18 வயது வரையிலான ஏழை மாணவருக்கு வாரம் 10 முதல் 30 பவுண்டு வரை கிடைத்துவந்த கல்விப் பராமரிப்புத் தொகை. பேருந்துக் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் போன இந்தப் பணம் 2011-இல் இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டு, ஆண்டுக்குச் சுமார் 56 கோடி பவுண்டு செலவான இடத்தில் 18 கோடி பவுண்டு நிதி ஒன்று வைக்கப்பட்டது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகள் அத்தொகையை விடவில்லை. பெறுவோரில் நூற்றுக்கு 12 பேர் மட்டுமே அது இல்லாவிட்டால் படித்திருக்கமாட்டோம் என்று கூறியதாக வந்த கருத்துக்கணிப்பைக் காட்டி, மற்றவர்களுக்குத் தந்தது வீண் என்று அரசு வாதிட்டது. நிதி ஆய்வு நிறுவனம் எனப்படும் சுயேச்சையான அமைப்பு, சோதனைக் கட்டத்தின் தரவுகளைக் கொண்டு, முழுநேரப் படிப்பில் தொடர்வோர் 4.5 விழுக்காட்டுப் புள்ளி கூடியதைக் காட்டியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் நாடு தழுவிய தரவுகளைப் பார்த்தபோது அந்தப் பயன் அத்தனை பெரிதல்ல என்று அதே நிறுவனம் கண்டது. ஆயினும், எப்படியும் படித்திருப்பார் என்பதும் படிப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டு இரண்டாவதையும் முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது வெட்டு உள்ளாட்சி மன்றங்கள் வழியாக வந்தது. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, 2010–11-க்கும் 2017–18-க்கும் இடையில் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தரும் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 49.1 விழுக்காடு குறைந்தது. முதியோர் பராமரிப்பையும் குழந்தைகள் பாதுகாப்பையும் தொட முடியாத மன்றங்கள் நூலகத்திலும் இளைஞர் மன்றங்களிலும் கை வைத்தன. முழுமையான, திறம்பட்ட நூலகச் சேவை தர வேண்டும் என்று 1964-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. எத்தனை கிளை இருந்தால் அது முழுமை என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. 2019-க்குள் பிரிட்டனில் ஏறக்குறைய 800 நூலகங்கள் மூடப்பட்டிருந்தன, எஞ்சியவற்றில் பல நேரத்தைக் குறைத்துக்கொண்டன அல்லது ஊதியமில்லாத் தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தம்பி தங்கையோடு ஒரே அறையைப் பகிரும் மாணவிக்கு நூலகம் என்பது புத்தகத்தைவிட முதலில் ஒரு மேசை, குளிர்காலத்தில் கதகதப்பு, கணினி, இணைய இணைப்பு, சுற்றிலும் படித்துக்கொண்டிருக்கும் பிறர். இவற்றில் கடைசியாகச் சொன்னதற்குச் சந்தையில் விலை கிடையாது என்பதால் எந்தச் சிக்கனக் கணக்கிலும் அது இழப்பாக ஏறவில்லை.

அந்தக் கடைசிப் பொருளை இணையம் இலவசமாகத் தந்தது. டம்ளர் தளத்தில் 2014 வாக்கில் பரவிய ஸ்டடிபிளர், யூட்யூபின் ஸ்டடிட்யூப், இன்ஸ்டாகிராமின் ஸ்டடிகிராம் ஆகியன, படிப்பதையே பொருளாகக் கொண்டு மாணவர் தமக்குள் கூடிய குழுக்கள். ஒருவர் மணிக்கணக்கில் பேசாமல் படித்துக்கொண்டிருப்பதைக் காட்டும் காணொளியை ஓடவிட்டு, அவரோடு சேர்ந்து தாமும் படிப்பது இங்கே வழக்கம். இருபத்தைந்து நிமிடப் படிப்பும் ஐந்து நிமிட ஓய்வுமாக நேரத்தைப் பிரிக்கும் முறையையும், விண்ணப்பக் கடிதம் எழுதும் வகையையும், வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராத பலவற்றையும் இக்குழுக்கள் கற்பித்தன. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பள்ளித் தேர்வுகள் மாற்றி அமைக்கப்பட்டு, இடைத்தேர்வுகளும் செய்முறைப் பணிகளும் சுருங்கி, ஈராண்டுப் படிப்பின் முடிவில் வரும் எழுத்துத் தேர்வுகளே பெரும்பாலும் தீர்ப்பு என்றானதால், திருப்புதல் பற்றிய பேச்சுக்குக் கேட்போர் பஞ்சமில்லை.

இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் செலவை ஏற்கத்தான் வேண்டும். காணொளித் தளங்களுக்கு விளம்பரமே வருவாய். காணொளி செய்பவருக்கு அதில் ஒரு பங்கும், கீழே தரும் இணைப்பின் வழியே யாரேனும் பொருள் வாங்கினால் கமிஷனும், நிறுவனங்கள் அனுப்பும் இலவசப் பொருட்களும் கிடைக்கின்றன. பள்ளி திறக்கும் செப்டம்பரை ஒட்டி, வாங்கிக் குவித்த எழுதுபொருட்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்துக் காட்டும் காணொளி தனி வகையாகவே வளர்ந்தது. ஜப்பானின் ஜீப்ரா நிறுவனத்து மைல்ட்லைனர் ஹைலைட்டர்கள், மூஜி பேனாக்கள், 2015-க்குப் பின் ஐபேடும் அதற்கான பென்சிலும் நல்ல மாணவரின் அடையாளங்களாயின. 1899-இல் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் செல்வர்களைப் பார்த்து வகுத்த கருத்து, பயனுக்காக அன்றிப் பிறர் பார்வைக்காகச் செய்யும் பகட்டு நுகர்வு, இங்கே சற்று உருமாறி நிற்கிறது: செல்வர் தம் ஓய்வைக் காட்டினர், மாணவர் தம் உழைப்பைக் காட்டுகின்றனர், இரண்டுக்கும் சாட்சி வாங்கிய பொருளே. ரைடர் கேரல் 2013-இல் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் என்ற குறிப்பேட்டு முறைக்கு ஏதேனும் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். அது வண்ண நாடாக்களும் தூரிகைப் பேனாக்களும் ஒட்டுப்படங்களும் கேட்கும் கைவேலையாக மாறியது இந்தக் குழுக்களில்தான்.

படிப்பு இப்படிப் பொருட்களைச் சுற்றி அமைந்ததற்குக் கேமராவின் இயல்பும் ஒரு காரணம். உளவியலாளர் ஜான் டன்லோஸ்கியும் உடனாய்வாளர்களும் 2013-இல் பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் படிப்பை நாட்களில் பரப்பிப் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை என்றும், அடிக்கோடிடுவதும் ஹைலைட்டரால் தீட்டுவதும் குறைந்த பயனே தருபவை என்றும் முடிவு கூறினர். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் மாணவரைப் படமெடுத்தால் கிறுக்கலும் திணறலும் நிறைந்த ஒரு வெள்ளைத்தாள்தான் திரையில் தெரியும். ஐந்து நிறத்தில் தலைப்பிட்ட குறிப்பு அழகாகத் தெரியும். பயனுள்ள உத்திக்குப் பொருள் எதுவும் வேண்டாம் என்பதால் அதற்கு விளம்பரம் தருபவரும் இல்லை. டன்லோஸ்கியின் முடிவை எடுத்துச் சொல்லும் காணொளிகளும் இக்குழுக்களிலேயே உண்டு. அவற்றுக்கு அடியிலும் வாங்குவதற்கான இணைப்புகள் இருக்கின்றன.

சிக்கன நடவடிக்கைதான் இந்த நுகர்வை உண்டாக்கிற்று என்று இதனால் முடிவு கட்டக்கூடாது. சேர்ந்து படிக்கும் காணொளிகள் பிரிட்டனில் நடந்தது போன்ற வெட்டு நடக்காத தென்கொரியாவிலும் செழித்தன. அங்கே தேர்வின் கடுமையே போதுமான காரணம். கையில் பணம் குறைந்த காலத்தில் மக்கள் பெரிய பொருளை விட்டுச் சின்ன ஆடம்பரத்தை நாடுவர் என்று சொல்லப்படும் உதட்டுச்சாய விளைவுக்கும் உறுதியான சான்று இல்லை. பிரிட்டனைப் பற்றிச் சொல்லக்கூடியது இன்னும் எளிமையானது. ஒரு தேவையைப் பொதுவில் நிறைவேற்றிவந்த ஏற்பாடுகள் குறைந்தன, தேவை குறையவில்லை, அதே தேவையைத் தனித்தனியாக நிறைவேற்றிக்கொள்ளச் சொல்லும் விற்பனையாளர் அருகில் இருந்தார். தேசியக் கணக்கில் அரசின் நுகர்வும் குடும்பங்களின் நுகர்வும் அடுத்தடுத்த பத்திகள். ஒன்றில் குறைந்தது மற்றதில் கூடினால் மொத்த உற்பத்தி அசையாமல் நிற்கலாம். ஆனால் நூலக மேசை ஒன்றில் ஆண்டு முழுவதும் பலர் மாறிமாறி அமர்ந்தனர், வீட்டுக்கு வாங்கிய மேசை விளக்கு வாங்க முடிந்தவருடையது மட்டுமே.

செலவு கைமாறுவது இன்னும் நிற்கவில்லை. கட்டண உச்சவரம்பு 2017 முதல் 9,250 பவுண்டிலேயே நின்றதால், 2025-இல் 9,535 பவுண்டாகும் வரை, விலைவாசி உயர உயரப் பல்கலைக்கழகங்களின் வருவாய் தேய்ந்தது. உச்சவரம்பே இல்லாத வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கொண்டு அவை அந்தப் பள்ளத்தை நிரப்பின. 2022-இல் பிரிட்டனின் மாணவர் விசா பெற்றோரில் சீனரைத் தாண்டி இந்தியர் முதலிடத்துக்கு வந்தனர். 2025 செப்டம்பரில் லேபர் அரசு, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவருக்குக் குறிப்பிட்ட சில படிப்புகளில் வாழ்க்கைச் செலவு உதவித்தொகையைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. அதற்கான பணம் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தின் மீது விதிக்கப்படும் தீர்வையிலிருந்து வரும் என்பது அப்போது சொல்லப்பட்ட ஏற்பாடு.