சூசையப்பர் திருநாளில் நியூ ஆர்லியன்ஸ்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி நதி வளைந்து திரும்பும் கரையில் அமைந்துள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பெயரைக் கேட்டவுடனே, மார்டி கிராஸ் என்னும் களியாட்டமே எவர் நினைவுக்கும் முதலில் வரும். தவக்காலத்தின் நாற்பது நாள் விரதத்திற்குள் புகுமுன் கத்தோலிக்கர்கள் வயிறார உண்டு மகிழும் அந்தச் செவ்வாய்க்கிழமை, 1857ஆம் ஆண்டில் கோமஸ் என்ற கோஷ்டியார் தீவட்டி வெளிச்சத்தில் அலங்கார வண்டிகளுடன் பவனி புறப்பட்டது முதல், உலகப் பிரசித்தி அடைந்துவிட்டது. ஆயினும், அந்நகரத்து வசந்த ருதுவின் சுவையை அறிய விரும்புகிறவர் அன்றோடு மூட்டை கட்டிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். சாம்பற் புதனன்று அடங்க வேண்டிய ஊர், அடங்கியதாகப் பாவனை செய்துவிட்டு, தவக்காலத்தின் நடுவிலேயே தன் மிக நேர்த்தியான விசேஷத்தைக் கொண்டாடுகிறது. அதுதான் மார்ச் 19ஆம் தேதி வரும், இயேசுவின் வளர்ப்புத் தந்தையும் தச்சருமான சூசையப்பரின் திருநாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலித் தீவிலிருந்து ஏராளமான ஏழைக் குடும்பங்கள் இத்துறைமுகத்தில் வந்திறங்கி, பழைய பிரெஞ்சுப் பேட்டையில் நெருக்கியடித்துக் குடியேறவே, அப்பேட்டைக்குச் சின்னப் பலெர்மோ என்ற பெயரே வழங்கலாயிற்று. முன்னொரு காலத்தில் தங்கள் தீவில் மழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, சூசையப்பரை வேண்டி மழை பெற்றதாகவும், அதுவரை கால்நடைத் தீவனமாக இருந்த ஃபாவா என்னும் மொச்சையினத்துப் பயறே உயிர்களைக் காத்ததாகவும் அவர்களிடையே ஓர் ஐதிகம் உண்டு. அந்த நன்றிக்கடனைச் செலுத்தும் பொருட்டு, ஆலயங்களிலும் வீடுகளிலும் நமது நவராத்திரிக் கொலுவைப் போல் மூன்று படிகளில் பீடம் அமைத்து, ரம்பம், சுத்தியல், ஏணி என்று தச்சரின் கருவிகளாகவே வார்த்துச் சுட்ட ரொட்டிகளையும், அத்திப்பழம் பொதிந்த பணியாரங்களையும், மீன் பதார்த்தங்களையும் அடுக்கி வைக்கிறார்கள். விரத காலமாதலால் மாமிசம் கிடையாது. பாஸ்தாவின் மீது பாலாடைக்கட்டிக்குப் பதிலாகத் தூவும் ரொட்டித்தூள், சூசையப்பர் பட்டறையின் மரத்தூளாம்! வருகிறவர் யாராயினும் பந்தியில் அமரலாம், சாப்பாட்டுக்கு விலையில்லை, விரும்பியோர் இடும் காணிக்கை ஏழைகளுக்குப் போய்ச் சேரும். விடைபெறுகையில் கையில் தரும் உலர்ந்த பயறு ஒன்றைப் பணப்பையில் வைத்திருந்தால் காசு வற்றாது என்பதும், பீடத்து எலுமிச்சம்பழத்தை ஒருவரும் அறியாமல் எடுத்துச் செல்லும் கன்னிப்பெண்ணுக்கு அடுத்த திருநாளுக்குள் வரன் அமையும் என்பதும் நம்பிக்கை. புனிதரின் சந்நிதியில் களவுக்கு இத்தனை சலுகை இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் இதே திருநாள் வேறு ஜனங்களின் உடைமையாகிவிடுகிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய தங்கள் மூதாதையருக்கு அடைக்கலம் தந்த அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு மரியாதை செலுத்துமுகமாக, அவர்களைப் போல் வேஷம் தரித்துக் கறுப்பின மக்கள் டாம்பரின் தட்டிப் பாடிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். மார்டி கிராஸ் இந்தியர் என்று பெயர் பெற்ற இக்கோஷ்டிகளில், ஒற்றன் முன்னே சென்று எதிர்க்கோஷ்டி வருகிறதா என்று வேவு பார்ப்பான். கொடிக்காரன் அச்செய்தியைப் பின்னுள்ள பெருந்தலைவருக்குச் சமிக்ஞையால் அறிவிப்பான். பகலெல்லாம் கூலிவேலை செய்துவிட்டு, இரவில் ஊசியும் பாசிமணியுமாக உட்கார்ந்து, துணியில் ஒவ்வொரு மணியாகக் கோத்துச் சித்திரம் தைத்து, இறகுகளைச் சேர்த்து, ஓராண்டுக் காலம் பாடுபட்டு முடித்த உடையைத்தான் தலைவர் அணிந்து வருகிறார். சில உடைகளின் கனம் 100 ராத்தலையும் தாண்டும். மறு ஆண்டு அதையே அணிந்து வருவது வழக்கமல்ல. புதிதாகத் தைத்தாக வேண்டும்.

இரு கோஷ்டிகள் எதிர்ப்பட்டால் கத்தி பாய்ந்த காலமும் உண்டு. அந்தப் பகையை, யார் உடை அழகு என்ற போட்டியாக மாற்றியதில் பெரும் பங்கு, சுவர்ப்பூச்சுக்கு அடிச்சட்டம் அமைக்கும் தொழிலாளியும் யெல்லோ போகஹான்டஸ் கோஷ்டியின் தலைவருமான ஆலிசன் டூட்டி மோன்டானாவையே சாரும். 2005ஆம் ஆண்டுத் திருநாள் இரவில் போலீசார் கோஷ்டிகளைக் கலைத்தது குறித்து, அவ்வாண்டு ஜூன் மாதம் நகரசபையில் முறையிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே, 82 வயதான அப்பெரியவர் சாய்ந்து உயிர்நீத்தார்.

வசந்தத்தின் மற்ற விசேஷங்களுக்கும் குறைவில்லை. ஐரிஷ்காரர்கள் பாட்ரிக் புனிதர் பவனியில் வண்டியிலிருந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வீச, ஜனங்கள் சமையலுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை வந்தால், சோளக்கதிரோடும் காரத்தோடும் அவித்த கிராஃபிஷ் என்னும் நன்னீர் இறால்வகை முற்றங்களில் குவியும். அதுவும் விரதந்தான்! 1984 முதல் ஏப்ரலில் நடந்துவரும் பிரெஞ்சுப் பேட்டை விழாவில் பாட்டுக்கேட்க டிக்கெட் இல்லை. முற்காலத்தில் அடிமைகள் ஞாயிறுதோறும் கூடிக் கொட்டு முழக்கிய காங்கோ சதுக்கத்தில் 1970இல் தொடங்கிய ஜாஸ் விழாவோ, இப்போது குதிரைப் பந்தய மைதானத்தில் கட்டணத்துடன் நடைபெறுகிறது.

அந்த மைதானத்திலும் இந்தியர் கோஷ்டிகளைக் காணலாம். திருநாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர்கள் வரும் பவனியையும் சௌகரியமாகப் பார்க்கலாம். திருநாள் இரவுக்கு மட்டும் அச்சிட்ட நிகழ்ச்சிநிரல் இல்லை. எந்தத் தலைவர் எந்தத் தெருவில் எப்போது புறப்படுவார் என்பதை, அக்கம்பக்கத்தாரை விசாரித்தும் டாம்பரின் ஓசையைப் பின்தொடர்ந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.