இணையக் கடையில் பொருள் விவரங்களை மொத்தமாக ஏற்றுதல்: செட்டிநாட்டுப் பொருட்களை முன்வைத்து

இணையக் கடையில் விற்பனைக்கு வைக்கப்படும் பொருட்களின் பெயர், விலை, இருப்பு, படம் முதலான விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல், ஒரே கோப்பின் மூலம் கடையின் தரவுத்தளத்தில் சேர்ப்பது மொத்த ஏற்றம் எனப்படுகிறது. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் உள்ளிட்ட பெரும்பாலான இணையக் கடை மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. வூகாமர்ஸ் மென்பொருளில் 2017-இல் வெளியான 3.1 பதிப்பு முதல் இது உள்ளமைந்த வசதியாகக் கிடைக்கிறது.

கோப்பை ஏற்றுவது சில நிமிட வேலை. அதற்கு முன் கோப்பைச் சரியாக அமைப்பதே பெரிய வேலை. கையால் பதியும்போது நேரும் பிழை பெரும்பாலும் ஒரு பொருளோடு நின்றுவிடும். மொத்த ஏற்றத்தில் ஒரு நெடுவரிசையில் நேரும் பிழை, பட்டியலில் உள்ள அத்தனை பொருட்களுக்கும் பரவும். கைவினைப் பொருட்கள், உணவுப் பண்டங்கள், பழம்பொருட்கள் எனப் பலவகைச் சரக்கு விற்பனையாகும் காரைக்குடி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

செட்டிநாட்டுச் சரக்கின் தன்மை

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடியை மையமாகக் கொண்ட செட்டிநாட்டில் கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடித் தரையோடு, பனையோலையால் முடையும் கொட்டான், மசாலாப் பொடி, சீப்புச்சீடை, தேன்குழல் போன்ற பலகாரங்கள் ஆகியவை பெயர் பெற்றவை. காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெரு, பழைய வீடுகளிலிருந்து வந்த மரச்சாமான், பாத்திரம், எனாமல் பொருட்கள் விற்கும் கடைகளுக்குப் பெயர் போனது.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையில் அளந்து விற்கப்படுகின்றன. சேலை எண்ணிக்கையில், தரையோடு சதுர அடியில், பலகாரம் கிலோவில், கொட்டான் அளவு வாரியாக விற்பனையாகின்றன. பழம்பொருளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. மொத்த ஏற்றக் கோப்போ எல்லாப் பொருளையும் ஒரே வடிவக் கட்டங்களில் அடைக்கக் கேட்கிறது. பெரும்பாலான சிக்கல்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

கோப்பின் அமைப்பு

மொத்த ஏற்றத்துக்குப் பெரிதும் பயன்படுவது சிஎஸ்வி கோப்பு. இது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. முதல் வரிசையில் தலைப்புகள் இருக்கும்; அடுத்து வரும் ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பொருளைக் குறிக்கும். இதன் பொதுவான விதிகளை 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம் விவரிக்கிறது. ஒரு சிறு மாதிரி:

குறியீடு,பெயர்,விலை,இருப்பு
கசே-0001,"கண்டாங்கிச் சேலை, மஞ்சள்",1850,1
கொட்-0012,"கொட்டான், சிறியது",240,15

பெயருக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் அந்தப் பெயர் முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் "மஞ்சள்" என்ற சொல் விலைக் கட்டத்துக்கும், 1850 என்ற விலை இருப்புக் கட்டத்துக்கும் நகர்ந்துவிடும். ஒரே ஒரு சேலை இருக்கும் கடையில் 1850 சேலைகள் இருப்பதாகக் கணினி காட்டும்.

கோப்பை ஏற்றியதும் மென்பொருள் அதன் தலைப்புகளைத் தன் புலங்களோடு பொருத்தும். இது புலப் பொருத்தம் எனப்படும். "விலை" என்ற தலைப்பு வழக்கமான விலையா, தள்ளுபடி விலையா என்பதை இந்தக் கட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.

தனிக் குறியீடு

ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத குறியீடு ஒன்று தேவை. வணிக வழக்கில் இது எஸ்கேயூ எனப்படும். மீண்டும் ஏற்றும்போது எது பழைய பொருள், எது புதிய பொருள் என்பதை மென்பொருள் பெயரைக் கொண்டு உறுதியாக அறிய முடியாது. பெயர் திருத்தப்படலாம், இரண்டு பொருட்களுக்கு ஒரே பெயர் இருக்கலாம். வூகாமர்ஸ் தன் உள் எண்ணையோ எஸ்கேயூவையோ கொண்டு பொருளை இனங்காண்கிறது. ஷாப்பிஃபை, பொருளின் இணைய முகவரியில் இடம்பெறும் "ஹேண்டில்" என்ற சொற்குறியைக் கொண்டு இனங்காண்கிறது.

இந்தத் தேவை செட்டிநாட்டு வணிகத்துக்குப் புதிதல்ல. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் நகரத்தார் குடும்பங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தொழில் நடத்தும்போது குழப்பம் வராதிருக்க, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த "விலாசம்" நிறுவனத்தின் அடையாளமாக வழங்கியது. பேரேட்டில் பெயரை விட விலாசமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். எஸ்கேயூ செய்வதும் அதே வேலைதான்.

நல்ல குறியீடு சுருக்கமாக இருக்கும். அதில் விலையையோ நிறத்தையோ சேர்ப்பது நல்லதல்ல. விலை மாறினால் குறியீடு பொய்யாகிவிடும். விற்றுத் தீர்ந்த பொருளின் குறியீட்டை வேறு பொருளுக்குக் கொடுத்தால், பழைய விற்பனைக் கணக்கும் புதிய பொருளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

வகைபேதமும் தனிப் பொருளும்

ஒரே கொட்டான் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவுகளில் இருந்தால் அதை மூன்று பொருட்களாகப் பதிய வேண்டியதில்லை. ஒரு தாய்ப் பொருளும் அதன்கீழ் மூன்று வகைபேதங்களுமாகப் பதியலாம். ஷாப்பிஃபை கோப்பில் ஒரே ஹேண்டிலைக் கொண்ட அடுத்தடுத்த கிடைவரிசைகள் ஒரு பொருளின் வகைபேதங்களாகக் கொள்ளப்படும். வூகாமர்ஸ் கோப்பில் தாய்ப் பொருளின் குறியீட்டை எழுதத் தனி நெடுவரிசை உண்டு. இத்தகைய கோப்பை விரிதாளில் திறந்து விலைவாரியாக அடுக்கினால் தாயும் வகைபேதமும் பிரிந்துபோக வாய்ப்புண்டு.

கைத்தறிச் சேலை இந்த முறைக்கு எளிதில் அடங்குவதில்லை. ஒரே தறியில் நெய்த இரண்டு கண்டாங்கிகளின் கட்டமும் கரையும் நிறமும் சற்றே வேறுபடலாம். படத்தில் கண்ட சேலையே வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு சேலைக்கும் தனிக் குறியீடு, தனிப் படம், இருப்பு 1 என்று பதிய வேண்டும். பத்துச் சேலைகளை ஒரே படத்தின்கீழ் இருப்பு 10 என்று பதிந்தால் வேலை குறையும். ஆனால் வாங்கியவர் வேறு சேலை வந்ததென்று திருப்பி அனுப்பலாம். பழம்பொருளுக்கும் இதே விதி பொருந்தும்.

அளவு அலகு

ஆத்தங்குடித் தரையோடு கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு வார்க்கப்படுவது. அது சூளையில் சுடப்படுவதில்லை; நீரில் ஊறிக் கெட்டிப்படுகிறது. வாங்குபவர் சதுர அடியில் கணக்கிடுவார். இணையக் கடை மென்பொருளோ பொதுவாக எண்ணிக்கையில் கணக்கிடும்.

8 அங்குலச் சதுர ஓடு ஒன்றின் பரப்பு 64 சதுர அங்குலம். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். ஆகவே ஒரு சதுர அடிக்கு 2.25 ஓடுகள் தேவை; 100 சதுர அடிக்கு 225 ஓடுகள். கோப்பில் சதுர அடி விலையை எழுதிவிட்டு, அதை ஓடு ஒன்றின் விலையாக மென்பொருள் எடுத்துக்கொண்டால் வாங்குபவர் இரண்டேகால் மடங்கு பணம் செலுத்த நேரும். மாறாக, 100 சதுர அடி என்று நினைத்து 100 என்று பதிபவருக்கு 100 ஓடுகளே வந்து சேரும். அவை 44 சதுர அடிக்குச் சற்று மேல்தான் போதும். விற்பனை அலகு எது என்பதைப் பெயரிலேயே காட்டுவதும், ஒரு பெட்டிக்கு இத்தனை ஓடு என்று வகுப்பதும் இதற்குத் தீர்வாகும்.

தமிழ் எழுத்துச் சிக்கல்கள்

கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற குறிகளாகவோ மாறும். கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்ட எழுத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியலை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருள் இவற்றை இயல்பாக்கிக்கொள்ளாவிட்டால் "கொட்டான்" என்ற பெயரில் இரண்டு வகைப்பிரிவுகள் உருவாகி, பாதிப் பொருட்கள் ஒன்றிலும் மீதி மற்றதிலும் சிதறும். காலுக்குப் பதிலாக "ர" என்ற எழுத்தைத் தட்டினாலும் இப்படி நேரலாம். வகைப்பிரிவின் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமல், முன்பே தயாரித்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

எண்களில் நேரும் பிழைகள்

விரிதாள் மென்பொருள்கள் எண் போலத் தெரியும் எதையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ள முயலும். குறியீட்டு எண்களுக்கு இது தீங்காகும்.

உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் கொண்டது. பட்டைக்குறியீட்டு எண் பொதுவாக 13 இலக்கம் கொண்டது. இவை பத்தின் அடுக்காகச் சுருங்கிக் காட்டப்பட்டு, அப்படியே சிஎஸ்வி கோப்பில் சேமிக்கப்பட்டால் கடைசி இலக்கங்கள் போய்விடும். மிளகு, மிளகாய் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி சரக்குக் குறியீடு 0904 என்று தொடங்கும். விரிதாள் முன்னுள்ள சுழியத்தை நீக்கி 904 ஆக்கிவிடும். வளையல் அளவான 2-4, 2-6 ஆகியவை தேதிகளாக மாறிவிடும். இந்த நெடுவரிசைகளை, தரவை உள்ளிடும் முன்பே "எழுத்து" வகையாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

படங்கள்

சிஎஸ்வி கோப்புக்குள் படத்தை வைக்க முடியாது. படத்தின் இணைய முகவரியை மட்டுமே எழுத முடியும். மென்பொருள் அந்த முகவரிக்குச் சென்று படத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே அது கடவுச்சொல் இன்றித் திறக்கும் முகவரியாக இருக்க வேண்டும். படக் கோப்புக்குப் பொருளின் குறியீட்டையே பெயராக வைத்தால் சேலையும் படமும் மாறிப்போகாது.

சட்டம் தொடர்பான விவரங்கள்

சில நெடுவரிசைகளை நிரப்புவது சட்டப் பொறுப்பை ஏற்பதாகும். காரைக்குடி கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-இன்படி, பதிவு பெற்ற பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். விரிதாளில் முதல் கட்டத்தில் "காரைக்குடி கண்டாங்கி, கைத்தறி" என்று எழுதிக் கடைசி வரை இழுத்துவிடுவது எளிது. அந்த இழுப்பில் விசைத்தறியில் நெய்த சேலையும் கைத்தறியாகிவிடும். வாங்குபவர் ஏமாறுவதோடு, கையால் நெய்தவரின் உழைப்புக்குரிய விலையும் அடிபடும். இந்த நெடுவரிசையை மட்டும் ஒவ்வொரு சேலையாகப் பார்த்து நிரப்ப வேண்டும்.

தொல்பொருட்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1972-இன்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கலைவேலைப்பாடுள்ள பொருள் முதலானவை தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றை விற்க உரிமம் வேண்டும். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கவர்ச்சிக்காக எல்லாப் பொருளுக்கும் "நூறாண்டுப் பழமை" என்று நிரப்புவது உண்மையானால் சட்டச் சிக்கல், பொய்யானால் ஏமாற்று.

பொட்டலமிட்ட பலகாரம், மசாலா ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலியவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

மீள் ஏற்றமும் மேலெழுதுதலும்

முதல் ஏற்றத்தை விட இரண்டாம் ஏற்றமே அதிக இழப்பைத் தரக்கூடியது. விலையை மட்டும் திருத்த வேண்டியவர் பழைய முழுக் கோப்பையும் ஏற்றினால், இடையில் விற்றுப்போன சேலைகளின் இருப்பு மீண்டும் 1 ஆகிவிடும். இல்லாத சேலைக்குப் பணம் வந்து சேரும். ஷாப்பிஃபையில் மேலெழுதும் வாய்ப்பைத் தேர்ந்தால், கோப்பில் இருந்தும் வெறுமையாக விடப்பட்ட கட்டங்கள் பழைய விவரத்தை அழித்துவிடக்கூடும்; கோப்பில் இல்லாத நெடுவரிசைகள் பொதுவாக அப்படியே இருக்கும். வூகாமர்ஸில் "இருக்கும் பொருட்களைப் புதுப்பி" என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஏற்கனவே உள்ள குறியீடுகள் தவிர்க்கப்படும். மாற்ற வேண்டிய நெடுவரிசையோடு, பொருளை இனங்காணத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் வைத்து ஏற்றுவதே சரியான முறை.

ஏற்றும் ஒழுங்கு

1. கடையில் இப்போதுள்ள விவரங்களை முதலில் ஏற்றுமதி செய்து, தேதியிட்டுத் தனியாகச் சேமித்தல்.
2. வகைக்கு ஒன்றாக ஐந்து அல்லது ஆறு பொருட்களை மட்டும் கொண்ட சோதனைக் கோப்பை ஏற்றுதல்.
3. அவற்றை வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் கைப்பேசியில் திறந்து பெயர், விலை, அலகு, படம் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
4. முழுக் கோப்பையும் "வரைவு" நிலையில் ஏற்றுதல்.
5. மென்பொருள் தரும் பிழைப் பட்டியலைப் படித்து, தவறிய கிடைவரிசைகளை மட்டும் திருத்தி மீண்டும் ஏற்றுதல்.
6. கோப்பில் உள்ள பொருட்களின் எண்ணிக்கையும் கடையில் சேர்ந்த எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா என்று பார்த்தல்.
7. சில பொருட்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பட்டியலோடு நேரில் ஒப்பிட்ட பிறகே விற்பனைக்குத் திறத்தல்.

ஏழாவது படியை எந்த மென்பொருளும் செய்து தராது. கட்டங்கள் முறையாக நிரம்பியுள்ளனவா என்பதை மட்டுமே அது சோதிக்கும். கட்டத்தில் எழுதியது உண்மையா என்பதைச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பவரே சொல்ல முடியும்.