பாயலுக்குத் தீனியாகும் தழைச்சத்து

பாலக்காட்டு வயல்களுக்கு இடும் யூரியாவும், இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு இடும் உரமும் முழுவதும் பயிருக்கே போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி மழையில் கரைந்து ஓடைக்கும் குளத்துக்கும் போய்விடுகிறது. அங்கே பாசியும் மிதக்கும் களைகளும் அதை உண்டு கொழுக்கின்றன.

நீரில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியம், நைட்ரேட் என்ற வடிவங்களில் இருக்கிறது. நீர்த்தாவரங்கள் பலவும் அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றன. நைட்ரேட்டை எடுத்தால், அதை அம்மோனியமாக மாற்றிய பிறகே புரதம் தயாரிக்க முடியும்; அதற்குச் சக்தி செலவாகும்.

மீன் தொட்டியில் வேலம்பாசி போடுவதன் பலனும் இதில்தான் உள்ளது. மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு, செடிக்கோ உணவு.

தொட்டியில் நன்மை செய்யும் இக்குணம் குளத்தில் கேடாகிறது. 'ஆப்பிரிக்கன் பாயல்' என்பது பெயர், தாயகமோ பிரேசில். கேரளத்தின் வயல்களையும் கால்வாய்களையும் அது மூடி, நெல் விவசாயிகளையும் படகுக்காரர்களையும் தவிக்க வைத்தது. 1980-களில் அதைத் தின்னும் கூன்வண்டு விடப்பட்டது. சில ஆண்டுகளில் பாயல் பெருமளவு அடங்கியது.

பப்புவா நியூகினியிலோ இதே வண்டு முதலில் பெருகவில்லை. செடியில் தழைச்சத்து குறைவு என்று கண்டு யூரியா இட்டனர். சத்தேறிய செடியைத் தின்று வண்டு பெருகியது, களை அழிந்தது!

வண்டை நம்பி உரத்தை வீணாக்கலாகாது. உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடுவதும், பெருமழைக்கு முன் இடாதிருப்பதும் நலம். பணமும் மிஞ்சும், குளமும் தப்பும்.