மஞ்சள் பையைத் தூக்கிப் போடாதீர்கள்

“காய்ச்சல் விட்ட பிறகு ரெண்டு நாளா எழுந்திருக்கவே இல்லை சார். கால் ரெண்டும் விளங்கலை. ஐ.சி.யு.வுல வச்சிருந்தோம். இப்ப நல்லா ஓடுறான். படிப்புதான் ஏற மாட்டேங்குது.”

இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். “அப்போ கொடுத்த ரிப்போர்ட் இருக்காம்மா?” என்று கேட்டால் அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா விட்டத்தைப் பார்ப்பார். ஸ்கேன் படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்த மஞ்சள் பை வீடு மாற்றும்போது போயிருக்கும். இல்லையென்றால், “அந்தப் பீடையை எதுக்கு வீட்ல வச்சிருக்கீங்க” என்று பாட்டி குப்பையில் போட்டிருப்பார். நோய் என்னவென்று கேட்டால் கிடைக்கிற ஒரே பதில் “மூளைக் காய்ச்சல்”.

அது மூளைக் காய்ச்சலாக இருக்க வேண்டியதில்லை. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் அதைத் தாக்கும் நோய்கள் சில உண்டு. சிறு பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஏதாவதொரு தொற்றுக்குப் பிறகு வருவது ‘அடெம்’. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் குறிவைப்பது ‘என்.எம்.ஓ.’ ‘மாக்’ எதிர்ப்புப் புரதத்தால் வருவது ஒன்று. ‘எம்.எஸ்.’ என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பதினெட்டு வயதுக்குள் சிலருக்குத் தொடங்குகிறது. உங்கள் பிள்ளைக்கு வந்தது இவற்றில் எது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பின்னால் நடக்கிற எல்லாமே அந்தப் பெயரைப் பொறுத்தது. அடெம் பெரும்பாலும் ஒரே முறைதான் வரும். என்.எம்.ஓ. திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் பார்வையிலோ நடையிலோ கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். ‘மாக்’, ‘அக்வாபோரின் 4’ என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் செய்யப்பட்டனவா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடெம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில வாரங்களில், சில மாதங்களில் எழுந்து நடந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு அதோடு கதை முடிந்தது. பள்ளிக்கு அங்கேதான் தொடங்குகிறது. கவனம் நிற்பதில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. இரண்டாவது பீரியடுக்குள் சோர்வு வந்துவிடுகிறது, எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது. சிறு வயதில் எம்.எஸ். வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நினைவாற்றலிலோ சிந்தனை வேகத்திலோ குறை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பார்வை நரம்பு பாதித்த பிள்ளை கண் மருத்துவரின் அட்டையில் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம், ஆனால் நிறங்கள் அதற்கு மங்கலாகத் தெரியலாம். இதெல்லாம் தெரியாத ஆசிரியர் “திமிர்” என்று எழுதிவிட்டுப் போகிறார். சொல்லாத பெற்றோர் இருக்கும்போது அவரை எப்படிக் குறை சொல்வது?

ஸ்டீராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. முகம் உப்பிவிட்டது, பசி அதிகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம், உடலே நிலைகுலையலாம். மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மங்கல், கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, விடாத தூக்கம் ஆகியவற்றில் எது புதிதாக வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மந்திரிப்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இனி காகித வேலை. முதலில் அரசு மருத்துவமனையின் குழந்தை நரம்பியல் பிரிவில் பெயர் பதிந்து, மருத்துவ உளவியலாளரிடம் கவனம், நினைவு, வேகம் மூன்றுக்கும் சோதனை செய்து, எழுத்து வடிவில் அறிக்கை வாங்குங்கள். “நல்லா பேசுறானே” என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால் அடுத்த மேசையில் உங்கள் பேச்சு எடுபடாது.

அடுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும், பெயர் சொல்லியே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் அதில் இருக்கின்றன. ஆதார், புகைப்படம், மருத்துவ அறிக்கைகளோடு யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று மருத்துவக் குழு திருப்பி அனுப்பினால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் 59ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு எங்கேயும் மேல்முறையீடு செய்ய முடியாது. அட்டை வாங்கினால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று ஒளித்து வைப்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்பை முடிக்க வேண்டாமா?

பொதுத் தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றோடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். பள்ளி திறந்த ஜூன் மாதமே கொடுங்கள். அரையாண்டுத் தேர்வில் தோற்ற பிறகு ஓடி வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்போது அலுவலகம் கையை விரிக்கிறது.

குறைபாடு நாற்பது சதவீதம் இல்லை, ஆகவே எழுதுபவர் கிடையாது என்று யாராவது சொன்னால் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. தீர்ப்பைக் காட்டுங்கள். எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நரம்பியல் குறையுள்ள தேர்வருக்கு, நாற்பது சதவீதம் இல்லாவிட்டாலும் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதைப் படித்திருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு பிரதி எடுத்துப் போங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவு, உளவியல் அறிக்கை எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்று தற்காலிகமானது என்றால் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகவே காலண்டரில் வட்டம் போடுங்கள். மறுபடியும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.