தொட்டிக்குள் ஓடட்டும் தாமிரபரணி

தூத்துக்குடியில் கலர் மீன் வளர்க்கும் வீடுகளில், தொட்டியின் அடியில் கொஞ்சம் கடலும் கிடக்கும். துறைமுகக் கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கிய சிப்பி, சோழி, வெள்ளை மணல், எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்த பவளப்பாறைத் துண்டு என எல்லாம் இருக்கும். முத்துக்கும் சங்குக்கும் பேர்போன ஊரில் இந்த ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் மேலே நீந்துவதோ நன்னீர் மீன். இரண்டு மாதம் போனால் செடி மஞ்சளடிக்கும், மீன் வெளிறும், கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும். கடைக்காரர் மருந்து கொடுப்பார். பெரும்பாலும் மருந்துக்கு அங்கே வேலை இருக்காது.

ஒரு சொட்டு வினிகர்

கோளாறு தொட்டியின் அடியில் கிடக்கும் சிப்பியிலும் பவளத்திலும்தான். சமையலறையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிப்பியை உடைத்து, உடைந்த ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுக் கூர்ந்து கவனியுங்கள். சில நொடிகளில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். காதருகே வைத்தால் மெல்லிய இரைச்சலும் கேட்கலாம். சிப்பியில் உள்ள கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்க, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பவளப்பாறையும் சோழியும் இப்படியே பொங்கும். கருங்கல் ஜல்லியில் விட்டால் ஒன்றும் நடக்காது.

தொட்டியில் வினிகர் இல்லை. ஆனால் மீன் மூச்சுவிடுவதால் நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அது சிப்பியை நாள்தோறும் துளித்துளியாகக் கரைக்கிறது. நீரின் கடினத்தன்மை கூடுகிறது, பி.எச். (அமில-கார) அளவு 8-ஐ நோக்கி நகர்கிறது.

அதனால் என்ன கெடுதல்? மீனின் கழிவில் அம்மோனியா உண்டு. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தனி அம்மோனியாவாக மாறினால் செவுளை அரித்துவிடும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச்.தான். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் சுமார் அரை சதவீதம் மட்டுமே நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது சுமார் 5 சதவீதம். அதே தொட்டி, அதே கழிவு, நச்சு மட்டும் பத்து மடங்கு. தண்ணீர் சூடாக ஆக இது இன்னும் ஏறும். தூத்துக்குடி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். கரைந்திருந்த சுண்ணாம்பு தங்கிவிடும். ஊருக்கு வெளியே உப்பளத்தில் நடப்பதும் இதுவே. கடல்நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட் படியும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகே உப்பு. ஆகவே வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதே வழி.

எல்லா மீனுக்கும் சிப்பி பகை என்றும் சொல்லிவிட முடியாது. கப்பியும் மோலியும் கடின நீரில் நன்றாகவே இருக்கும். ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் காலி நத்தைக் கூட்டுக்குள் குடியிருந்து முட்டையிடும் சிக்லிட் மீன்களே உண்டு. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற அமேசான் மீன்களுக்குத்தான் இது ஒத்துவராது.

பவளத் துண்டை ஒதுக்க வேறு காரணமும் இருக்கிறது. கரைக்கு அப்பால் இருக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலில் மூழ்கிப்போயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 2001-இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரைக்கும் சில சங்கு இனங்களுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

முத்தும் மீனும் மின்னும் விதம்

அப்படியானால் தொட்டிக்கு அழகு எங்கிருந்து வரும்? முதல் அழகு மீனின் நிறம். அதிலும் ஒரு பங்கு முத்தின் அழகுதான். முத்துச்சிப்பியின் உட்புறத்தில் பளபளப்பது சாயமில்லை. சுமார் அரை மைக்ரான் தடிமனுள்ள அரகோனைட் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன; ஒவ்வோர் அடுக்கும் திருப்பியனுப்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வண்ணம் காட்டுகின்றன. நியான் டெட்ராவின் நீலக் கோடும் இதே வித்தைதான். அங்கே அரகோனைட்டுக்குப் பதில் குவானின் என்ற பொருளின் படிகத் தகடுகள். இந்த ஒற்றுமையை வியாபாரிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் மீன் செதிலின் மினுமினுப்பை எடுத்துக் கண்ணாடி மணியில் பூசிப் போலி முத்து செய்தார்கள்.

தகடுகள் மின்ன வேண்டுமானால் பின்னணி இருண்டிருக்க வேண்டும். மீனின் தோலில் கருநிறமி நிறைந்த செல்களும் உண்டு. வெள்ளை மணல்மேல் விட்டால் நிறமி செல்லின் நடுவில் சுருங்கி, எதிரி கண்ணில் படாதபடி மீன் வெளிறிப்போகும். அடர்நிறத் தரையில் நிறமி பரவி, வண்ணங்கள் எடுப்பாகும். எனவே கடற்கரை மணலை விட்டுவிட்டு, அலசிய பழுப்பு ஆற்றுமணலோ கறுப்புக் கிராவலோ போடுங்கள். தொட்டியின் முதுகில் ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். செலவு சில ரூபாய். மாற்றம் சில நாட்களில் தெரியும்.

மலையடி ஆறு

தூத்துக்குடிக் குழாயில் வருவது வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். தொட்டிக்குள்ளும் அந்த ஆற்றையே அமைத்தால் என்ன? பாபநாசத்துக்கு மேலே ஆறு எப்படி இருக்கிறது? உருண்ட பாறை, வேர், உதிர்ந்த இலை, நீரோட்டத்தில் சாயும் செடி. நன்னீர்த் தொட்டியை இயற்கை நிலக்காட்சியாக மாற்றும் கலையை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோவும் (1954–2015) காட்டையும் ஓடையையும் பார்த்துத்தான் தொட்டி அமைத்தார்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். மணலை முன்னால் ஓரங்குலமும் பின்னால் மூன்றங்குலமுமாகச் சரித்துப் போட்டால் ஆழம் கூடியதுபோல் தோன்றும். கருங்கல்லை ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்று பெரியதாகவும் மற்றவை சிறியதாகவும் வையுங்கள். பெரிய கல் நட்டநடுவில் வேண்டாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். ஆற்றுக்கோ காட்டுக்கோ போய்ப் பொறுக்க வேண்டியதில்லை, கட்டட வேலை நடக்கும் இடத்துக் கருங்கல் போதும். வினிகர் சோதனை மட்டும் கட்டாயம். தெருவோர நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலை இரண்டைக் கழுவிப் போட்டால், அதன் டானின் நீருக்குத் தேயிலை நிறம் தரும், பி.எச்.-ஐயும் சற்றே இறக்கும்.

உயரமான வாலிஸ்னேரியா பின்வரிசைக்கு. 1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீனும் நத்தையும் இதே செடியும் சேர்ந்த தொட்டி தன்னைத் தானே தூய்மையாக வைத்துக்கொள்வதை விளக்கி எழுதினார். செடி, மீனின் கழிவை உரமாக எடுத்துக்கொள்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. விளக்கு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

மீனில் வகைக்கு ஒன்று வாங்கினால் தொட்டி சந்தைக்கடை ஆகிவிடும். ஒரே இனத்தில் எட்டு டெட்ரா கூட்டமாகத் திரும்புவது வேறு அழகு. தாமிரபரணிக்கே உரிய மீனும் உண்டு: ஆற்றின் பெயரையே தாங்கிய ‘டாக்கின்சியா தாம்பிரபர்ணியை’ (Dawkinsia tambraparniei). ஆணின் முதுகுத் துடுப்பில் நூல்நூலாக இழைகள் நீளும். 1954-இல் அதை முதலில் விவரித்த இ.ஜி. சைலஸ், பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். இந்த மீனை ஆற்றில் பிடித்து வராதீர்கள். வேறெங்கும் இல்லாத இனம் அது.

கடைசியாக ஒன்று. மணலும் கல்லும் செடியும் போட்ட அன்றே மீன் வாங்க ஓடாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஃபில்டர் ஓடட்டும், சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள், அதற்குள் செடியும் வேர்பிடித்துவிடும். பட்ஜெட்டில் முதல் பணம் ஃபில்டருக்கு, அடுத்தது செடிக்கு, கடைசிப் பணம் மீனுக்கு.