வான்வழிப் பயணமும் கரிம விலையும்

நுழையும்முன்

புகையை வெளியிடுவோர் சிலர். அதன் தீங்கைச் சுமப்போர் பலர். இந்நிலையை மாற்ற எழுந்த சிந்தனைகளுள் ஒன்று கரிம விலை. வானூர்திப் போக்குவரத்தில் அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கரிம விலை என்பது யாது?

வானூர்தி ஒரு டன் எரிபொருளை எரிக்கும்போது ஏறத்தாழ 3.16 டன் கரியமிலவாயு வெளியாகிறது. எரிபொருளிலுள்ள கரிமம், காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்வதால் எடை இவ்வாறு மிகுகிறது. வெளியாகும் ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஒரு தொகையைச் செலுத்தச் செய்வதே கரிம விலை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு உமிழ்வு வணிகத் திட்டத்தைத் தொடங்கி, 2012இல் வானூர்திகளையும் அதில் சேர்த்தது. இதன்படி, ஒரு டன் கரியமிலவாயுவுக்கு ஓர் உரிமத்தை நிறுவனங்கள் ஒப்படைக்க வேண்டும். தொடக்கத்தில் உரிமங்களுள் பெரும்பகுதி இலவசமாக வழங்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு 2024இல் கால்பங்கும் 2025இல் அரைப்பங்கும் குறைந்து, 2026இல் முடிவுக்கு வருமாறு விதி வகுக்கப்பட்டது.

விளைவுகள்

ஓர் உரிமத்தின் விலை 70 யூரோ எனக் கொள்வோம். அப்போது ஒரு டன் எரிபொருளுக்கு ஏறத்தாழ 221 யூரோ கூடுதலாகச் செலவாகும். எனவே, நிறுவனங்கள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் புதிய வானூர்திகளை நாடும். காலி இருக்கைகளோடு பறப்பதைத் தவிர்க்க முயலும். எஞ்சிய செலவு பயணக் கட்டணத்தில் சேரும். கட்டணம் உயர்ந்தால், தொடர்வண்டி வசதியுள்ள குறுந்தொலைவுப் பயணியர் சிலர் அதற்கு மாறுவர்; கடல் கடந்து செல்வோர்க்கோ மாற்றுவழி அரிது.

எல்லைக்குள் நின்ற விலை

பாரிசிலிருந்து ரோமுக்குச் செல்லும் வானூர்திக்கு இவ்விலை உண்டு. நியூயார்க்குக்குச் செல்லும் வானூர்திக்கு இல்லை. ஆனால், நெடுந்தொலைவு செல்லும் வானூர்தியே மிகுதியாக உமிழ்கிறது. ஐரோப்பாவுக்கு வந்துசெல்லும் எல்லா வானூர்திகளுக்கும் விலை விதிக்க முற்பட்டபோது இந்தியா, சீனா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் எதிர்த்தன. ஆகவே, திட்டம் ஐரோப்பாவுக்குள் சுருங்கியது.

பின்னர், பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு 2016இல் தனித்திட்டம் ஒன்றை ஏற்றது. அது உமிழ்வு முழுமைக்கும் விலை கோரவில்லை. வரையறுத்த அளவை விஞ்சும் பகுதியை மட்டும் ஈடுசெய்யக் கோருகிறது. அதன் கட்டாயக் கட்டம் 2027இல் தொடங்குகிறது. இந்தியாவும் அதில் இடம்பெறுகிறது.

உலக மக்களுள் பெரும்பாலோர் ஓராண்டில் ஒருமுறைகூட வானூர்தியில் ஏறுவதில்லை. ஆயினும், புவி வெப்பமடைவதன் துன்பம் அவர்களையும் விடுவதில்லை. எனவே, கரிம விலையை யார் செலுத்துவது, எவ்வளவு செலுத்துவது, திரளும் தொகையை யாருக்குப் பயன்படுத்துவது ஆகிய வினாக்கள் பொருளியலோடு அறத்தையும் சார்ந்தவை.